ஓலையில் ஏறிய பி.ஏ.

பதினோராம் அத்தியாயம்

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உருட்டுவார்கள். சிலர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். தேவப்பிரியம் தலை வாருவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது புலர்வதற்குள் மூன்று தடவை பின்னி, மூன்று தடவை அவிழ்த்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் மீன்காரி அங்கம்மா கொளுத்திப் போட்ட வெடி எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

போன வாரப் பத்திரிகை கைக்கு எட்டாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ராயபுரம் கல்மண்டபம் ரோட்டில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் வேதமாணிக்கத்தின் மூத்த மகள் தேவப்பிரியத்துக்கும், தூத்துக்குடி உப்பளக்காரர் வீட்டு ஞானசிகாமணிக்கும் வருகிற பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை கல்யாணம். பெண் பி.ஏ.வுக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தவள். மார்ச் பரீட்சையில் தமிழ்ப் பகுதியை ஒழுங்காக எழுதினாள். ஆங்கிலப் பகுதியில் இரண்டாவது பேப்பரன்று காலையில் உடம்பெல்லாம் அம்மை போட்டுப் படுத்துவிட்டாள். ஆங்கிலம் முழுவதையும் செப்டம்பரில் மறுபடி எழுதினால்தான் பட்டம்.

அந்தப் பரீட்சை மாதக் கடைசியில்தான் வரும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்த ஹால் டிக்கெட்டில் பதினோராம் தேதி தொடக்கம் என்று அச்சாகியிருந்தது. ஐந்து நாள், ஐந்து பேப்பர். இரண்டாவது பேப்பரன்று தாலி.

இதுவே போதும். ஆனால் சனிக்கிழமை அங்கம்மா வந்தாள். போதகர் வீட்டுக்கும் அவள்தான் மீன் போடுகிறாள்; போதகரை அவள் ஐயர் என்பாள்.

"இன்னா பாப்பா, சொல்லவே இல்ல? ரெண்டு வாரமா கோயில்ல உன் பேர படிக்கசொல்லோ பியே பியேன்னு சேத்துப் படிக்கிறாங்களாமே! ஐயரூட்டம்மா பெருமையா சொல்லிகினு இருந்தாங்க" என்றாள். அதோடு போன வாரம் முடிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, தடை ஏதாவது உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். அந்த மூன்று ஞாயிறும் பெண் கோயிலுக்குப் போகக் கூடாது என்பது வேதமாணிக்கம் வீட்டு வழக்கம். போனால் என்ன ஆகும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நாசரேத்திலிருந்து கருப்பட்டியோடு சேர்த்து இந்த வழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கல்யாண அழைப்பிதழின் புரூஃபை தேவப்பிரியமே திருத்தினாள். அதில் தன் பெயருக்குப் பின்னால் இருந்த பி.ஏ.வைப் பேனாவால் அடித்தாள். அப்பா பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். ஏன் பேசாமல் இருந்தார் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஓலைக்குப் புரூஃப் கிடையாது.

நாலாவது தடவையாகப் பின்னலை முடிந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

வேதமாணிக்கம் கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற கோட்டு. ஆறடி மனிதர், துறைமுகத்தில் இவர் குரல் கேட்டால் கூலிக்காரர்கள் மூட்டையை மெதுவாக இறக்குவார்கள். மகளிடம் மட்டும் அந்தக் குரல் எடுபடாது.

"அப்பா, ஓலையில பி.ஏ.ன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"மெள்ளப் பேசுட்டி. உள்ள அவுக இருக்காக."

அவுக என்றது அன்னப்பழம் அத்தையை. மாப்பிள்ளையின் அப்பாகூடப் பிறந்தவர். அந்த வீட்டில் உப்பு விலையிலிருந்து கல்யாணம் வரை அவர் சொன்னால்தான் நடக்கும். முகூர்த்தப் புடவையோடு நேற்றுக் காலை ரயிலில் வந்து இறங்கியிருந்தார். வந்ததிலிருந்து பத்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அதனால் வீடே நடுங்கிக்கொண்டிருந்தது.

"மெள்ளவே கேக்கேன். யாரு எழுதினது?"

"நான்தான். அதுக்கு என்ன இப்போ? நம்பர் பேப்பர்ல வந்துச்சா இல்லியா?"

இந்த நம்பர் விவகாரம்தான் எல்லாவற்றுக்கும் வேர். மே மாதம் முடிவுகள் பத்திரிகையில் வந்த அன்று வேதமாணிக்கம் விடியற்காலையில் கடையில் பத்திரிகையை விரித்து, மகளின் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார். மூட்டைக் குறியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், நம்பரைத் தவறவிடாது. அதற்கு மேலே ஆங்கிலத்தில் தலைப்பு ஒன்று இருந்தது. தமிழ்ப் பகுதியில் மட்டும் தேறியவர்கள் என்று அதற்கு அர்த்தம். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மகள் எழுந்திருப்பதற்குள் தெரு முழுக்க மஸ்கோத் அல்வா கொடுத்து முடித்துவிட்டு, தூத்துக்குடிக்குத் தந்தியும் அடித்துவிட்டார்.

"அது தமிழுக்கு வந்த நம்பருப்பா. எத்தனை தடவை சொல்லியாச்சு."

"சரி, தமிழு எட்டணான்னு வச்சுக்க. ரூவாயில எட்டணா வந்தாச்சு. மிச்ச எட்டணா எங்க ஓடிப் போவும்?"

"எட்டணாவை நீட்டி ரூவான்னு சொன்னா நம்ம மண்டியில எடுத்துக்கிடுவீகளா?"

புதுப் பைசா வந்த குழப்பத்தில் ஐந்து மாதமாகத் தினமும் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்கு இது நன்றாகவே உறைத்தது. ஆனால் உறைத்ததை ஒப்புக்கொண்டால் அப்பாவாக இருப்பதில் என்ன பிரயோசனம்?

"அடிச்ச தந்தியைத் திரும்ப வாங்க முடியுமாட்டி? பி.ஏ. பொண்ணுதான் வேணும்னு கேட்டு வந்த இடம். அழைப்பிதழ் முந்நூறு போயாச்சு. கல்யாணம் முடியட்டும், அடுத்த வருஷம் தூத்துக்குடியில இருந்து வந்து எழுதிக்க."

"வந்து எழுத விடுவாகளா? ஏற்கெனவே பி.ஏ.ன்னு சொல்லிக் கட்டிக்கிட்டுப் போன பொண்ணு எந்தப் பரீட்சைக்குப்பா போவா?"

தேவப்பிரியத்தின் பயமே அதுதான். இன்று மூன்றாவது ஓலை. தடை இல்லை என்று இன்றோடு முடிந்துவிட்டால், அவள் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தும் காலம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். உண்மையான பட்டத்துக்கு அவளால் கையே நீட்ட முடியாது. இருக்கிறது என்று சொல்லிவிட்டதை எப்படிப் போய்ச் சம்பாதிப்பது?

"நானும் கோயிலுக்கு வாரேன்" என்றாள்.

"வழக்கமில்லை. கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுல இரு" என்றார் அப்பா. அந்த நேரம் அன்னப்பழம் அத்தை வெள்ளைச் சேலையும் வேதப்புத்தகமுமாக வெளியே வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. அம்மா தேவகிருபை மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜட்காவில் ஏறினாள். வண்டி போய்விட்டது.

தேவப்பிரியம் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவை அங்கம்மா தட்டினாள்.

"விருந்தாளி வந்துகீறாங்கன்னு வஞ்சிரம் கொண்டாந்தேன். இன்னா பாப்பா, கண்ணாலப் பொண்ணு மூஞ்சி இப்டி கீது?"

சொல்ல ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அங்கம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். பி.ஏ. என்றால் என்ன, பகுதி என்றால் என்ன என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அய்ய, இவ்ளோதானா? நானு கூடையில நெத்திலிய வச்சிகினு வஞ்சிரம் வஞ்சிரம்னு கூவினா தெருவுல வுடுவாங்களா? துடப்பத்தாலயே அடிப்பாங்க. நெத்திலின்னு கூவி வித்தா இன்னா கொறச்சலு? வாங்கறவன் வாங்கினு போறான்."

"அப்பா மனசு ஒடைஞ்சிரும் அங்கம்மா."

"ஒடையும். அப்பால சேந்துக்கும். நைனா மனசெல்லாம் அப்டித்தான், எங்க நைனா என்னிய எத்தினி தபா தலமுழுகினாருன்ற? நீ போ. ஐயரு இன்னா உன்ன முழுங்கிடுவாரா? திருமலை ரிக்‌ஷா முனையில கீது, நான் கூப்புடறேன்."

மீனை வாங்கி உப்புப் போட்டு மூடிவைத்தாள். கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போகும் நீலக்கரைச் சேலையை உடுத்தினாள். ரிக்‌ஷாவில் ஏறிவிட்டாள்.

"எங்கம்மா, கோயிலாண்டயா? பூசை ஆரம்பிச்சி எம்மா நேரமாச்சு" என்றான் திருமலை.

"கடைசியில ஒரு கேள்வி கேப்பாங்க. அதுக்குள்ள போகணும்."

"பரீட்ச மாதிரி சொல்றியேம்மா" என்று சிரித்துக்கொண்டே இழுத்தான்.

கோயிலுக்குள் அவள் நுழைந்தபோது இரண்டாம் வேதபாடம் முடிந்து எல்லோரும் உட்காருகிற சமயம். பெண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். முன் வரிசையில் அம்மாவின் கொண்டையும் அத்தையின் நிமிர்ந்த முதுகும் தெரிந்தன. ஆண்கள் பக்கம் அப்பாவின் கறுப்புக் கோட்டு. பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "ஏ பிரியம், இன்னைக்கு நீ வரலாமா?" என்று கிசுகிசுத்தாள்.

போதகர் ஆசீர்வாதம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓலையை எடுத்தார்.

"இந்தச் சபையைச் சேர்ந்த வேதமாணிக்கம், தேவகிருபை என்பவர்களின் மூத்த குமாரத்தியும் பி.ஏ. பட்டதாரியுமான தேவப்பிரியம் என்னும் கன்னிகைக்கும்..."

'பி.ஏ. பட்டதாரி' என்ற இடத்தில் வேதமாணிக்கத்தின் தலை லேசாக உயர்ந்தது. பின்னாலிருந்து தேவப்பிரியம் அதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. முப்பது வருஷமாகத் துறைமுகத்திலும் சுங்க ஆபீஸிலும் ஆங்கிலக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது ஒரு குமாஸ்தா வாயைத் திறந்து படித்துச் சொல்லமாட்டானா என்று நின்ற மனிதர். அவருக்கு அந்த இரண்டு எழுத்தும் என்ன என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"...தூத்துக்குடி சபையைச் சேர்ந்த பி.ஏ. பட்டதாரி ஞானசிகாமணி என்னும் வாலிபனுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. இது மூன்றாம் முறையும் கடைசி முறையுமான அறிவிப்பு. இதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கவும்."

போதகர் இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்கிறார். ஒருவரும் பதில் சொன்னதில்லை. அதனால் கேட்டுக்கொண்டே அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

"ஐயா, தடை இருக்கு."

கோயில் முழுவதும் திரும்பியது.

"யாரது?" என்றார் போதகர். கண்ணாடி வழியாக அவ்வளவு தூரம் தெரியவில்லை.

"நான்தாங்கய்யா. பொண்ணு."

போதகருக்குக் கையிலிருந்த காகிதம் நழுவியது. "அம்மா தேவப்பிரியம், இது என்ன? உனக்கு இந்த விவாகத்தில் சம்மதமில்லையா?"

"விவாகத்துக்குத் தடை சொல்லலைங்கய்யா. ஓலையில எழுதியிருக்கதுக்குத்தான் சொல்லுதேன். நான் பி.ஏ. பட்டதாரி இல்லை. தமிழ்ல தேறியிருக்கேன். ஆங்கிலம் இன்னும் எழுதலை. பதினோராந்தேதி எழுதப் போறேன். பன்னிரண்டாந்தேதியும் எழுதப் போறேன். அதனால அன்னைக்குக் கல்யாணத்துக்கு என்னால வர முடியாது."

சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள்.

ஆண்கள் பக்கம் யாரோ, "கல்யாணப் பொண்ணே லீவு சொல்லுது பாருங்க" என்றார்கள். சில பேர் சிரித்தார்கள். போதகர் மேஜையைத் தட்டினார்.

"வேதமாணிக்கம், இதை எழுதிக் கொடுத்தது நீர்தானே?"

வேதமாணிக்கம் எழுந்து நின்றார். ஆறடி மனிதர் அன்றைக்கு அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை. "நான்தான் ஐயா" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

போதகர் ஓலையை மேலும் கீழும் பார்த்தார். பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் ஓலையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தேவனுடைய சந்நிதியில் தப்பாக வாசித்ததற்கு நானும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஓலை இன்றைக்கு நிற்கிறது. இரண்டு வீட்டாரும் பேசி வேறு தேதி கொண்டுவந்தால், முதலிலிருந்து மூன்று வாரம் வாசிப்பேன். அம்மா, நீ உட்காரு. பரீட்சையை நன்றாக எழுது" என்றார்.

ஜட்காவில் வீடு வந்து சேரும்வரை நாலு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாகச் சண்டித்தனம் பண்ணுகிற குதிரைகூட நேராக நடந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அன்னப்பழம் அத்தை தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. தேவகிருபை அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "புடவையை எடுத்து வைக்காக போலயே. சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிருவாக. அவ்வளவுதான், எல்லாம் போச்சு."

வேதமாணிக்கம் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா" என்று தேவப்பிரியம் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஊரு முன்னால என்னைப் பொய்யனாக்கிட்டியேட்டி."

"நீங்க பொய்யர் இல்லைப்பா. தெரியாமச் சொன்னீக. அப்புறம் தெரிஞ்சும் மாத்திச் சொல்ல வெக்கப்பட்டீக. அவ்வளவுதான்."

"உன்னைப் படிக்க வைக்கும்போது என் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? பொட்டப்புள்ளைக்கு இங்கிலீஷ் எதுக்கு, வெள்ளைக்காரனே போயிட்டான்னான். நான் கேக்கலை. நம்ம வீட்டுல ஒரு ஆளு அந்தக் காகிதத்தை எடுத்துத் தடையில்லாமப் படிக்கணும்னு நெனச்சேன். தப்பா?"

"தப்பே இல்லை. அதுக்குத்தான் சொல்லுதேன். நீங்க எனக்கு வாங்கித் தர நெனச்சதை நான் நெசமாவே வாங்கப் போறேன். பொய்யா வச்சுக்கிட்டா அது உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, துக்கமா, பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாததால் மூக்கைச் சிந்தினார்.

அப்போது அறைக் கதவு திறந்தது. அன்னப்பழம் அத்தை வந்து கூடத்து பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் பெட்டி இல்லை. வெற்றிலைச் செல்லம்தான் இருந்தது.

"இங்க வா" என்றார்.

தேவப்பிரியம் போய் எதிரே நின்றாள்.

"மொத்தம் எத்தனை பேப்பர்?"

"அஞ்சு அத்தை."

"எல்லாம் இங்கிலீஷா?"

"எல்லாம் இங்கிலீஷ்தான்."

"பாஸ் ஆயிருவியா?"

"ஆயிருவேன்."

"அம்புட்டு நிச்சயமா எப்படிச் சொல்லுத?"

"படிச்சிருக்கேன். நாடகமும் பாட்டும் கட்டுரையும் எதைக் கேட்டாலும் எழுதுவேன். மார்ச்சுலயும் எழுதியிருப்பேன், அம்மை வந்துட்டு."

அத்தை வெற்றிலையின் நரம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார். தடவிய வெற்றிலையைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எங்க பையனும் அந்த இங்கிலீஷ்லதான் நிக்கான்" என்றார்.

வேதமாணிக்கத்துக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன சொன்னீக?"

"ஞானசிகாமணி. இங்கிலீஷ்ல நிக்கான். மூணு வருஷமாத் தேறாம நிக்கான்."

அடுப்படியில் அழுகை நின்றது. தேவகிருபை முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே வாசல்படிக்கு வந்துவிட்டாள்.

"பி.ஏ. படிச்சிருக்கான்னு சொன்னீகளே!" என்று வேதமாணிக்கம் எழுந்தார். ஆறடியும் திரும்பி வந்திருந்தது.

"படிச்சிருக்கான்னுதான் சொன்னேன். பாஸாயிட்டான்னு சொன்னேனா?"

"ஓலையில பட்டதாரின்னு படிச்சாகளே!"

"உங்க பொண்ணுக்கு மட்டும் என்ன படிச்சாகளாம்?"

இத்தனை நேரம் தலை குனிந்திருந்த மனிதருக்கு, தன்னைவிட ஒரு படி கீழே இன்னொருவர் நிற்பது தெரிந்தால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்?

"அம்மை வந்து படுத்த பிள்ளையும், நல்ல உடம்போட மூணு தடவை கோட்டை விட்டவனும் ஒண்ணா?" என்றார்.

"ஒண்ணு இல்லைதான்" என்று அத்தை அமைதியாகச் சொன்னார். "அதனாலதான் இந்த வீட்டுக்கு வந்தேன். தரகர்கிட்ட நான் நகை கேட்டனா? ரொக்கம் கேட்டனா? இங்கிலீஷ் படிச்ச பொண்ணாப் பாருங்க, அது ஒண்ணு போதும்னு சொன்னேன். வாத்தியார் வச்சுப் பாத்தாச்சு, வையவும் வஞ்சாச்சு, இனிமே பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாத்தான் உண்டுன்னு எனக்குத் தோணிச்சு."

தேவப்பிரியத்துக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. கை தானாகப் பின்னலுக்குப் போனது. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. நிச்சயதார்த்தம் முடிந்ததும் அவள் ஞானசிகாமணிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் கடிதம் எழுதினாள். யோசித்து யோசித்து, அகராதி பார்த்து எழுதிய கடிதம். பதில் தமிழில் நாலே வரி வந்தது. 'தங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது' என்று ஒரு வரி. அடக்கமான மனிதர் என்று அவள் நினைத்து மகிழ்ந்திருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தேவகிருபை பயந்துபோய், "ஏட்டி, பெரியவுக முன்னால" என்றாள்.

"சிரிக்கட்டும்" என்றார் அத்தை. "கோயில்ல நீ எழுந்து நின்னப்போ நான் பயந்து போனேன். இந்தப் புள்ளைக்கு நம்ம விஷயமும் தெரிஞ்சு போச்சோன்னு நெனச்சேன். அப்புறம் நீ உன்னைப் பத்தி மட்டும் சொன்ன. எனக்கு அதுதான் ரொம்ப வெக்கமாப் போச்சு. நீ பரீட்சை எழுது. கல்யாணத்தைத் தள்ளி வச்சுக்கிடலாம். அந்தப் பழியை நான் ஏத்துக்கிடுதேன், மாப்பிள்ளை வீட்டுல தேதி மாத்திட்டாகன்னு எல்லாருக்கும் எழுதிப் போடுங்க. அவனுக்குச் சொல்லிக் குடுப்பியா?"

தேவப்பிரியம் அப்பாவைப் பார்த்தாள். அவர் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தை, பட்டம் இல்லாதவரைக் கட்டிக்கிட எனக்கு ஒரு கொறையும் இல்லை. சொல்லிக் குடுக்கவும் கொறை இல்லை. இல்லாததை இருக்குன்னு சொல்லுதவரைத்தான் கட்டிக்கிட மாட்டேன். ஓலையில பட்டதாரின்னு படிக்காகன்னு அவருக்குத் தெரியுமா?"

அத்தை வெற்றிலையை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"எனக்குத் தெரியாது தாயி. அவன் பேருக்கு அப்படி எழுதி அனுப்பினது நான். யாராவது அவன் காதுல போட்டாகளோ, இல்லியோ. அவனுக்குத் தெரிஞ்சும் பேசாம இருந்தானான்னு நான் கேக்கலை. கேக்கப் பயந்துக்கிட்டுக் கேக்கலை."

"அப்போ அவருகிட்டத்தான் கேக்கணும்."

"கேக்கலாம். நாளைக் காலையில எழும்பூர்ல வந்து இறங்குதான். கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கணும்னு நான்தான் வரச் சொன்னேன். இங்க நடந்தது அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அத்தை. சொல்லிவிட்டு வேதமாணிக்கத்தைப் பார்த்தார். "நீங்க போயி மெள்ளச் சொல்லிக் கூட்டிட்டு வாரியளா?"

"நானா?" வேதமாணிக்கம் அடுத்த பொத்தானிலேயே நின்றுவிட்டார். இன்னொருவர் பிள்ளையிடம் போய், உன் இங்கிலீஷ் எனக்குத் தெரிந்துபோயிற்று என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? அவர் எழுதிக் கொடுத்த பி.ஏ.வின் குட்டே சபை முழுக்க உடைந்த அன்றைக்கு?

"நான் போறேன்" என்றாள் தேவப்பிரியம்.

"நீயா! கல்யாணப் பொண்ணு ஸ்டேஷனுக்குப் போறதா?" என்றாள் தேவகிருபை. "எந்த ஊருலம்மா நடக்கும்?"

"எந்த ஊருலதான் பொண்ணே ஓலைக்குத் தடை சொல்லிச்சு? அது ஆயாச்சில்ல, இதுவும் ஆகட்டும். அப்பா கூட வரட்டும், தள்ளி நிக்கட்டும். நான் பேசிக்கிடுதேன்."

அன்னப்பழம் அத்தை முதல் தடவையாக வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். வேதமாணிக்கம் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினார். மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, போவோம். வண்டியில இருந்து பையன் இறங்குனதும் என்னன்னு சொல்லுவ?"

"விஷயத்தை முதல்ல இங்கிலீஷ்ல சொல்லுவேன்" என்றாள் தேவப்பிரியம். "முகத்தைப் பாப்பேன். புரியலைன்னா தமிழ்ல சொல்லுவேன்."